தொட்டித் தண்ணீரை மறுநாளைக்கு வைக்காதீர்கள்

வீடும் நலமும்: வாசகர் கேள்விகளுக்குப் பொதுசுகாதார ஆலோசகரின் பதில்கள்

கேள்வி: லீவுக்கு வந்த என் தங்கை, பிள்ளைகளுக்காகக் காற்றடைத்த நீச்சல் தொட்டி ஒன்று வாங்கி வந்தாள். ஐந்தடி அகலம், வட்டமானது. பின்கட்டில் முருங்கை மரத்தடியில் வைத்து, போர் தண்ணீர் நிரப்பியிருக்கிறோம். ஆறு வயதுப் பையனும் மூன்று வயதுப் பெண்ணும் அதைவிட்டு எழுந்திருப்பதே இல்லை. மோட்டார் போட்டு நிரப்பியதைக் கொட்ட மனம் வராமல் நாலைந்து நாள் அப்படியே வைத்துவிடுகிறோம். மூன்றாம் நாளே உள்பக்கம் வழுவழுவென்று ஆகிறது. நேற்று தண்ணீரில் சின்னச் சின்னப் புழுக்கள் நெளிந்தன. "ஏரி பக்கத்தில் இருந்தால் கொசு வரத்தான் செய்யும்" என்கிறார் மாமியார். மஞ்சளும் வேப்பிலையும் போட்டுப் பார்த்தேன், பயனில்லை. எந்த மருந்து போட்டால் தண்ணீரை ஒரு வாரம் வைத்துக்கொள்ளலாம்?
– வாசகி, தாமல்

பதில்: ஒரு வாரம் வைப்பதற்கு மருந்து தேடாதீர்கள், சகோதரி. இந்த அளவுத் தொட்டிக்கு அன்றாடம் காலி செய்வதுதான் மருந்து. பெரிய நீச்சல் குளங்களில் தண்ணீரை மாதக்கணக்கில் வைத்திருக்கிறார்களே என்று தோன்றலாம். அங்கே மோட்டார் ஓடி, மணல் வடிகட்டி வழியாகத் தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கும். குளோரின் அளவை ஆள் வைத்துப் பார்ப்பார்கள். உங்கள் தொட்டியில் இது எதுவும் கிடையாது. பிள்ளைகளின் வியர்வை, எண்ணெய், காலில் ஒட்டிய மண், சிறுநீர் எல்லாம் அதிலேயே தங்குகின்றன. சித்திரை வெயிலில் தண்ணீர் வெதுவெதுப்பாகி, கிருமி பெருகத் தோதாகிவிடுகிறது. கையில் பட்ட அந்த வழுவழுப்பு வெறும் அழுக்கு இல்லை, கிருமிகள் கட்டிக்கொண்ட படலம். அதற்குள் இருக்கும் கிருமியைக் குளோரின்கூட எளிதில் எட்டாது. தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

நீங்கள் பார்த்தவை கொசுப்புழுக்கள். சந்தேகம் இருந்தால், பொழுது சாய்ந்ததும் தொட்டியின் விளிம்பில் டார்ச் அடித்துப் பாருங்கள். மேல்மட்டத்தில் தலைகீழாகத் தொங்கும் புழுக்கள், வெளிச்சமோ நிழலோ பட்டதும் நெளிந்து அடியில் இறங்கும். சற்று நேரத்தில் மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். தலை பருத்து, கமா வடிவில் சுருண்டவை தெரிந்தால் அவை கூட்டுப்புழுக்கள். இரண்டொரு நாளில் கொசுவாகப் பறந்துவிடும்.

மாமியாரிடம் சொல்லுங்கள்: இதில் ஏரியின் மேல் பழி போட முடியாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் வீட்டைச் சுற்றியுள்ள நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்: சிமெண்ட் தொட்டி, டிரம், பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, ஃபிரிட்ஜின் பின்தட்டு. தாமல் ஏரி போன்ற பெரிய நீர்ப்பரப்பில் காற்றுக்கு அலை அடிக்கும், மீன் புழுவைத் தின்றுவிடும். ஏடிஸ் கொசு அதிக தூரம் பறப்பதும் இல்லை. பிறந்த இடத்திலிருந்து நூறு, இருநூறு மீட்டருக்குள்ளேயே சுற்றும். உங்கள் பிள்ளைகளைப் பகலில் கடிக்கும் கொசு உங்கள் தெருவில் பிறந்ததாகத்தான் இருக்கும்.

வெயில் காலத்தில் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். "அப்படியானால் ஆறாம் நாள் கொட்டினால் போதுமே" என்று நினைக்காதீர்கள். ஏடிஸ் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரச் சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கரும்புள்ளி. தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை போகாது. காய்ந்த நிலையிலேயே பல மாதம் உயிரோடு இருந்து, அடுத்த முறை தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே கொட்டினால் மட்டும் போதாது, தேய்க்கவும் வேண்டும்.

தினமும் செய்ய வேண்டியது இவ்வளவுதான். விளையாட்டு முடிந்ததும் தண்ணீரைத் தென்னைக்கோ வாழைக்கோ திருப்பிவிடுங்கள். தேங்காய் நாரில் சோப்புத்தூள் தொட்டு உள்சுவர், விளிம்பு, மடிப்புகள், அடித்தளம் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவுங்கள். சோற்றுப் பானையைக் கழுவிக் கவிழ்ப்பது போலக் கவிழ்த்துவையுங்கள். மறுநாள் நிரப்புவதற்கு முன் குறைந்தது நான்கு மணி நேரம் வெயிலில் காயட்டும். அப்போது காற்றைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். உச்சி வெயிலில் உள்காற்று விரிந்து ஒட்டுவாய் பிரிந்துவிடும்.

தண்ணீர் வீணாகிறதே என்ற உங்கள் வருத்தம் நியாயமானது. அதற்கு வழி, வைத்திருக்கும் நாளைக் கூட்டுவதல்ல, அளவைக் குறைப்பது. ஐந்தடி வட்டத்தில் ஓரடி உயரம் நிரப்பினால் சுமார் 550 லிட்டர். அரை அடி போதும் என்றால் 275 லிட்டர், அதாவது பதினெட்டு குடம். உட்கார்ந்து விளையாடும் பிள்ளைகளுக்கு அரை அடி தாராளம். அதே தண்ணீர் மரத்துக்கும் போகும்போது வீண் என்ற பேச்சே இல்லை.

மஞ்சள், வேப்பிலை இரண்டையும் நம்பித் தண்ணீரை வைத்திருக்க முடியாது. படிகாரம் கலங்கலை அடியில் படியவைக்கும். தண்ணீர் தெளிவாகத் தெரியுமே தவிர கிருமி சாகாது. மண்ணெண்ணெய், பினாயில், டெட்டால் எதையும் பிள்ளைகள் இறங்கும் தண்ணீரில் ஊற்றாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. மூன்று வயதுக் குழந்தை மூழ்க அரை அடித் தண்ணீர்கூட வேண்டியதில்லை, சில அங்குலம் போதும். சத்தமும் வராது. பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்வரை பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில், போனைப் பார்க்காமல் இருக்க வேண்டும். தொட்டி காலியாகக் கவிழ்ந்திருந்தால், நீங்கள் சமையலறையில் இருக்கும் நேரத்திலும் அந்த ஆபத்து இல்லை.

கேள்வி: எங்களுடையது பெரிய தொட்டி. தினம் மாற்ற முடியாது. பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போடலாம்?
– வாசகர், வாலாஜாபாத்

பதில்: முதலில் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் பிடிக்கிறது என்று பாருங்கள். உள்நீளம், உள்அகலம், தண்ணீர் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கினால் கன அடி வரும். ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். எட்டடிக்கு ஐந்தடி, ஒன்றரை அடி உயரம் என்றால் 60 கன அடி, ஏறத்தாழ 1,700 லிட்டர்.

ஆயிரம் லிட்டருக்கு 2 கிராம் குளோரின் சேர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பவுடரில் குளோரின் 25 சதவீதம் இருந்தால் 8 கிராம் தேவை. உங்கள் 1,700 லிட்டருக்கு 13 முதல் 14 கிராம். கைப்பிடியில் அள்ளாமல் சமையலறைத் தராசில் எடை போடுங்கள். ஒரு பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படியும்வரை விட்டு, மேலே தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள். பிள்ளைகள் இல்லாத மாலை நேரத்தில் ஊற்றுவது நல்லது. நேர் வெயிலில் குளோரின் சில மணி நேரத்திலேயே பெருமளவு போய்விடும். திறந்து வைத்த பழைய பவுடரிலும் வீரியம் இருக்காது. அதனால் கணக்கை மட்டும் நம்பாமல், நீச்சல் குளச் சோதனைப் பட்டையில் பாருங்கள். பிள்ளைகள் இறங்கும்போது குளோரின் 1 முதல் 3 பி.பி.எம். வரையிலும், பி.எச். 7.0 முதல் 7.8 வரையிலும் இருக்க வேண்டும். பி.எச். 8-ஐத் தாண்டினால் குளோரின் இருந்தும் சரியாக வேலை செய்யாது.

வடிகட்டி இல்லாத தொட்டியில் இவ்வளவு செய்தாலும் இரண்டு மூன்று நாளுக்கு மேல் வைக்காதீர்கள். வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளையை இறக்கவே கூடாது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி, குளோரின் உள்ள தண்ணீரிலும் பல நாள் பிழைத்திருக்கும். குழந்தை தண்ணீரில் மலம் கழித்துவிட்டால் உடனே முழுவதையும் வெளியேற்றுங்கள். பிறகு பத்து லிட்டர் தண்ணீரில் 20 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து, தெளிந்ததைத் தொட்டிச் சுவரில் பூசி, பத்து நிமிடம் ஊறவைத்துக் கழுவிக் காயவிடுங்கள்.

பிளீச்சிங் பவுடரோடு கழிப்பறை ஆசிட்டையோ வேறு எந்தக் கிளீனரையோ சேர்க்காதீர்கள். அதிலிருந்து கிளம்பும் நச்சு வாயு நுரையீரலைப் பதம் பார்த்துவிடும்.

கேள்வி: எங்கள் தொட்டியில் தவளை, கம்பளிப்பூச்சி, தேனீ என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கிறது. ஒருநாள் அடியில் தேள் இருந்தது. வயலை ஒட்டிய வீடு. என்ன செய்வது?
– வாசகி, மானாம்பதி

பதில்: பாதிப் பிரச்சினை இடத்தில் இருக்கிறது. முருங்கை மரத்தடி வேண்டாம். கம்பளிப்பூச்சி பெரும்பாலும் அங்கிருந்துதான் உதிரும். புளி, வேம்பு நிழலும் இலையும் பூவுமாகக் கொட்டித் தண்ணீரைக் கெடுக்கும். விறகு அடுக்கு, வைக்கோல் போர், செங்கல் குவியல் இவற்றிலிருந்து தள்ளி, கூட்டிப் பெருக்கிய வெட்டவெளியில் வையுங்கள். நிழல் வேண்டுமானால் மேலே ஒரு பழைய வேட்டியைக் கட்டலாம்.

தேளும் பூரானும் பாம்பும் தேடி வருவது தொட்டிக்கு அடியில் இருக்கும் இருட்டையும் ஈரத்தையும்தான். உங்களுடையதுபோல வயலை ஒட்டிய வீட்டில், ராத்திரி தொட்டி கவிழ்த்த நிலையில்கூடத் தரையில் கிடக்கக் கூடாது. எடுத்துச் சுவரில் சாய்த்துவிடுங்கள். காலையில் கையால் தூக்காமல், கழியால் புரட்டிப் பார்த்த பிறகே தொடுங்கள். நிரப்புமுன் நெருஞ்சி முள், சரளைக்கல் பொறுக்கிவிட்டுத் தார்ப்பாய் விரித்தால் தொட்டியும் ஓட்டையாகாது. பாம்பைப் பார்த்தால் அடிக்கப் போகாமல் தீயணைப்புத் துறையை 101-ல் கூப்பிடுங்கள். கடித்துவிட்டால் 108 ஆம்புலன்ஸில் நேராக அரசு மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

கோடையில் தேனீ தண்ணீர் தேடித்தான் வருகிறது. தொட்டிக்குத் தொலைவில் ஒரு தட்டில் கூழாங்கல் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் வைத்தால் அங்கே போய்விடும். அந்தத் தண்ணீரையும் தினம் மாற்றுங்கள். பிஸ்கட், மாம்பழத் துண்டு தொட்டிக்குள் போகாமல் பார்த்துக்கொண்டால் எறும்பும் எலியும் வராது. எலி நடமாட்டம் இருந்த தண்ணீரையோ தவளை செத்துக் கிடந்த தண்ணீரையோ வடிகட்டிப் பயன்படுத்தாதீர்கள். எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் வரும்.

கேள்வி: கேரளத்தில் மூளையைத் தின்னும் அமீபா என்று படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. ஏரித் தண்ணீர், டேங்க் தண்ணீர் நிரப்பலாமா?
– வாசகர், காஞ்சிபுரம்

பதில்: 2024-லும் 2025-லும் கேரளத்தில் அமீபா மூளைக்காய்ச்சலால் உயிரிழப்புகள் ஏற்பட்டன, குளத்தில் குளித்த சிறுவர்களும் அவர்களில் உண்டு. தமிழகப் பொதுசுகாதாரத் துறையும் 2024-ல் நீர்நிலைகள், நீச்சல் குளங்கள் பற்றி எச்சரித்தது. நோய் மிக அரிது, ஆனால் வந்தால் உயிர் பிழைப்பது கடினம். நெக்லேரியா ஃபௌலேரி என்ற அந்த அமீபா வெதுவெதுப்பான, குளோரின் இல்லாத தண்ணீரில் வளரும். மூக்கு வழியாகத்தான் மூளைக்குப் போகும். குடிப்பதால் வராது, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது.

ஆகவே ஏரி, குட்டை, வாய்க்கால் தண்ணீரைத் தொட்டியில் நிரப்பாதீர்கள். மாடு இறங்கிய தண்ணீரும் வயலில் அடித்த மருந்தும் அதில் கலந்திருக்கும். மாடி டேங்க் தண்ணீர் என்றால் டேங்கைச் சேறு இல்லாமல் கழுவி, குளோரின் போட்டிருக்க வேண்டும். அன்றன்று நிரப்பி அன்றே கொட்டுங்கள். குதிப்பது, முங்குவது, மூக்கில் தண்ணீர் அடிப்பது வேண்டாம் என்று பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். குளித்த சில நாளில் காய்ச்சலோடு கடும் தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு வந்தால் காத்திருக்காதீர்கள். மருத்துவரிடம் போய், தண்ணீரில் விளையாடியதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டில் தொட்டித் தண்ணீரை இரண்டு வாரமாக மாற்றவில்லை. சொன்னால் "எங்கள் வீட்டுக்குள் உனக்கு என்ன வேலை" என்கிறார்கள். என் மகனுக்குப் போன வருடம் டெங்கு வந்தது.
– வாசகி, உத்திரமேரூர்

பதில்: வேலை இருக்கிறது அம்மா, நிச்சயமாக இருக்கிறது. அவர்கள் தொட்டியில் பிறக்கும் கொசுவுக்கு உங்கள் காம்பவுண்டுச் சுவர் ஒரு தடையே இல்லை. இரண்டு வாரம் என்றால் ஒரு தலைமுறைக் கொசு ஏற்கெனவே பறந்திருக்கும்.

முதலில் சண்டைக்கு இடம் கொடுக்காமல் ஒருமுறை கூப்பிட்டு, டார்ச் வெளிச்சத்தில் அந்தப் புழுக்களைக் காட்டுங்கள். வார்த்தையில் நம்பாதவர்கள் கண்ணால் பார்த்தால் நம்புவார்கள். அப்போதும் கேட்கவில்லை என்றால் பேரூராட்சி அலுவலகத்திலோ ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுகாதார ஆய்வாளரிடமோ சொல்லுங்கள். வீடு வீடாக வரும் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்களின் வேலையே இதுதான். கொசு உற்பத்தியாகும்படி தண்ணீர் தேக்கி வைத்தால் நடவடிக்கை எடுக்க 1939-ஆம் ஆண்டின் பொதுசுகாதாரச் சட்டத்தில் இடம் உண்டு. காய்ச்சல் பற்றிய சந்தேகங்களுக்கு 104-ஐ அழைக்கலாம்.

உங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் இருக்கும் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டில், ஏரியைக் கவனிக்கவென்றே ஒரு வாரியம் தேர்ந்தெடுத்த முறை எழுதியிருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தண்ணீரைப் பேணுவது ஊருக்குப் பொதுவான பொறுப்பாக இருந்த இடம் உத்திரமேரூர். அந்த ஊரில் பக்கத்து வீட்டுத் தொட்டியைப் பற்றிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, தயங்காமல் கேளுங்கள். கேட்பதற்கு முன் உங்கள் வீட்டு டிரம், பூந்தொட்டித் தட்டு, மொட்டைமாடியில் கிடக்கும் பழைய வாளி மூன்றையும் கவிழ்த்துவிடுங்கள். வாரம் ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை காலை என்று வைத்துக்கொண்டு தெருவே சேர்ந்து இதைச் செய்தால் யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டியிருக்காது.