உள்ளத்தை நிமிர்த்தும் சிறு செயல்கள்



மனித உள்ளம் வாடுவதும் மலர்வதும் இயற்கை. வாடிய உள்ளத்தை மலரச் செய்வதற்குப் பெரிய காரியங்கள் ஏதேனும் நடந்தாக வேண்டும் என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். கடன் முழுவதும் தீர வேண்டும், வெளிநாட்டிலிருந்து மகன் திரும்பி வர வேண்டும், நோய் அடியோடு நீங்க வேண்டும், அப்போதுதான் நிம்மதி என்கிறோம். ஆனால் நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் வாழ்வையும் அவர்களுடைய தோழர்களின் வாழ்வையும் ஊன்றிப் படிப்போருக்கு வேறோர் உண்மை விளங்கும். சோர்ந்து விழுந்த உள்ளத்தைத் தூக்கி நிறுத்தியவை பெரும்பாலும் மிகச் சிறிய செயல்களே.

இதை நாம் மத்ரஸாவில் கிதாபுகளில் ஓதித்தான் இருந்தோம். ஆயினும் இதன் பொருளை நமக்கு விளக்கிக் காட்டியது இண்டூரில் உள்ள ஒரு வீட்டுத் திண்ணை.

திண்ணையில் கற்ற பாடம்

தருமபுரியிலிருந்து பென்னாகரம் செல்லும் வழியில் உள்ளது இண்டூர். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு பெரியவரின் மனைவி மவுத்தானார். நாற்பது ஆண்டுகள் உடன் வாழ்ந்த துணை. அதன் பின்னர் பெரியவர் ஜமாஅத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். கடைவீதிக்குப் போவதில்லை, எவரோடும் பேசுவதில்லை, திண்ணைத் தூணில் சாய்ந்தபடியே பொழுதைப் போக்கினார்.

செய்தி கேட்டு அவரைக் காணச் சென்றோம். நாம் ஸனது பெற்று வந்த புதிது. ஸப்ரைப் பற்றி நமக்குத் தெரிந்த ஆயத்துகளையும் ஹதீஸ்களையும் அரைமணி நேரம் எடுத்துரைத்தோம். ஜமாஅத்தை விடுவது எத்துணைப் பெரிய நஷ்டம் என்பதையும் சற்றுக் கடுமையாகவே கூறினோம். அவர் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடிவில், "ஹஜ்ரத், நீங்க சொன்னதெல்லாம் உண்மைதான். நான் ஒண்ணும் மறுக்கல. ஆனா காலையில எழுந்தா, 'டீ குடிச்சீங்களா'ன்னு கேக்க ஆளில்லையே" என்றார்.

நமக்கு மறுமொழி வரவில்லை. அரைமணி நேரம் பேசிய நாமும் அன்று அவர் ஏதேனும் உண்டாரா என்று கேட்கவில்லையே என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கத்தோடு திரும்பினோம்.

அவரை எழுப்பியது நம்முடைய பயான் அன்று. பக்கத்து வீட்டு இந்துச் சகோதரி ஒருவர் காலைதோறும் தம் சிறுவனிடம் ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ் கொடுத்தனுப்பினார். "தாத்தா குடிச்சப்புறம்தான் சொம்பை வாங்கிட்டு வரணும்" என்பது அந்தத் தாயின் கட்டளை. எனவே அவர் குடித்து முடிக்கும்வரை சிறுவன் பள்ளிக்கூடக் கதைகளைப் பேசிக்கொண்டிருப்பான். பள்ளிவாசல் மோதினாரோ ஒருநாள் பஜ்ருக்கு முன் அவர் வாசலில் நின்று, "பாய், இருட்டா இருக்கு, கொஞ்சம் டார்ச் பிடிச்சுக்கிட்டு கூட வாங்களேன்" என்றார். மறுநாளும் அழைத்தார். வழியில் உபதேசம் ஏதும் செய்யவில்லை. இரண்டு மாதம் சென்று நாம் மறுபடியும் அவ்வூர் போனபோது, முதல் ஸஃப்பில் அந்தப் பெரியவர் நின்றுகொண்டிருந்தார். அல்ஹம்துலில்லாஹ்!

கவலை ஈமானின் குறையன்று

கவலைப்படுவோரைக் கண்டால், "உமக்குத் தவக்குல் போதாது" என்று கூறிவிடுவது நம்மிடையே உள்ள ஒரு பழக்கம். இது சரியன்று. நபி யாகூப் (அலை) அவர்கள் மகனை எண்ணி அழுது கண்பார்வை இழந்ததைக் குர்ஆன் ஷரீஃபே கூறுகிறது. நாயகம் (ஸல்) அவர்கள் தம் குழந்தை இப்ராஹீம் மரணித்தபோது கண்ணீர் சிந்தினார்கள். துக்கத்தையும் துயரத்தையும் விட்டு அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடி துஆச் செய்தார்கள். பாதுகாப்புத் தேட வேண்டிய ஒன்று என்றால், அது மனிதனை உண்மையில் வருத்தும் ஒன்று என்பதுதானே பொருள்? ஆகவே வருந்துவோரைக் குற்றவாளியாக்காமல் அவருக்கு உதவுவதே நம் கடமை.

எழுந்து வந்த ஒருவர்

ஹிஜ்ரி 9-இல் நடந்த தபூக் யுத்தத்துக்குச் செல்லாமல் தங்கிவிட்ட கஃபு பின் மாலிக் (ரலி) அவர்களின் வரலாற்றை அறிவீர்கள். ஐம்பது நாட்கள் மதீனாவில் எவரும் அவர்களிடம் பேசவில்லை. பின்னர் அவர்களுடைய தவ்பா ஏற்கப்பட்டதாக வஹீ அருளப்பெற்றது. மகிழ்ச்சியோடு அவர்கள் மஸ்ஜிதுக்குள் நுழைந்தபோது தல்ஹா பின் உபைதுல்லாஹ் (ரலி) அவர்கள் எழுந்து விரைந்து வந்து, கைகொடுத்து வாழ்த்துக் கூறினார்கள். முஹாஜிர்களில் வேறெவரும் அவ்வாறு எழுந்து வரவில்லை.

கஃபு (ரலி) அவர்கள் முதுமையில் கண்பார்வை இழந்தார்கள். ஆயினும் இவ்வரலாற்றைக் கூறும்போது, தல்ஹாவின் அந்தச் செயலைத் தாம் மறக்கவே இல்லை என்று குறிப்பிட்டார்கள். சிந்தித்துப் பாருங்கள்! நாலடி எடுத்து வைத்ததும் ஒரு முஸாஃபஹாவும்தான் தல்ஹா (ரலி) செய்தவை. செலவு ஏதுமில்லை. ஆனால் ஓர் உள்ளத்தில் அது ஆயுள் முழுவதும் தங்கிவிட்டது. நல்ல காரியம் எதையும் அற்பமாக எண்ணாதீர்கள், மலர்ந்த முகத்தோடு சகோதரரைச் சந்திப்பதாயினும் சரியே என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்ததன் பொருள் இதுதான்.

உடன் அமர்தலும் ஒரு கிண்ணம் கஞ்சியும்

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது நயவஞ்சகர்கள் அவதூறு பரப்பிய நாட்களில் அன்னையவர்கள் உறக்கமின்றி அழுதவண்ணம் இருந்தார்கள். அப்போது அன்ஸாரிப் பெண்மணி ஒருவர் அனுமதி கேட்டு உள்ளே வந்து, உடன் அமர்ந்து தாமும் அழுதார். அவர் ஆறுதல் மொழி எதுவும் கூறியதாக அந்த அறிவிப்பில் இல்லை. எனினும் அன்னையவர்கள் அதை நினைவில் வைத்து அறிவித்தார்கள். சொல்ல வார்த்தை இல்லாதபோது உடன் அமர்வதே போதும் என்பதற்கு இது சான்று.

துக்க வீட்டாருக்கும் நோயாளிக்கும் 'தல்பீனா' செய்து கொடுக்கும்படி கூறுவது அன்னையவர்களின் வழக்கம். வாற்கோதுமை மாவைக் கொண்டு காய்ச்சும் இளங்கஞ்சி அது; பாலும் தேனும் சேர்ப்பதுண்டு. அது நோயாளியின் இதயத்துக்கு இதமளித்துக் கவலையில் ஒரு பகுதியைப் போக்கும் என்று நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டதாகவே அறிவித்தார்கள். முழுக் கவலையும் போய்விடும் என்று கூறவில்லை. ஒரு பகுதி போகும் என்றே கூறினார்கள். எத்துணை நுட்பமான சொல்! மலையை ஒரே நாளில் பெயர்க்க முடியாது. ஒரு கல்லை எடுத்து வைக்கலாம். இண்டூர்ச் சகோதரி அனுப்பிய கூழ் வாற்கோதுமை அன்று, கேழ்வரகு. செய்த வேலை ஒன்றுதான்.

ஹிஜ்ரி 8-இல் முஃதா போரில் ஜஃபர் (ரலி) ஷஹீதானபோது, அவர்கள் குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுக்கும்படி நாயகம் (ஸல்) பணித்தார்கள். நாமோ துக்க வீட்டார் சமைத்து வந்தவர்களுக்குப் பரிமாறும்படி செய்துவிடுகிறோம். இதை மாற்றிக்கொள்ள வேண்டாமா?

கொடுப்பவர் பெறும் ஆறுதல்

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பெற்றுக்கொள்வதால் மட்டும் உள்ளம் நிமிர்வதில்லை, கொடுப்பதாலும் நிமிர்கிறது. அன்னை கதீஜா (ரலி) மறைந்த பின்னரும் நாயகம் (ஸல்) அவர்கள் ஆட்டை அறுத்தால் அன்னையின் தோழியருக்கு அதில் பங்கு அனுப்பி வந்தார்கள். மறைந்தவர் மீதுள்ள அன்பைக் கண்ணீராக மட்டும் வைத்துக்கொள்ளாமல் பிறருக்கு நன்மையாக மாற்றிக் காட்டினார்கள்.

இதை நம் பெரியவரிடம் கூறினோம். ஸஃது பின் உபாதா (ரலி) அவர்கள் மறைந்த தம் தாயாருக்காக எந்த ஸதகா சிறந்தது என்று கேட்டபோது, தண்ணீர் என்று நாயகம் (ஸல்) விடையளித்ததையும், அவர்கள் கிணறு வெட்டியதையும் கூறினோம். தருமபுரிச் சீமையில் தண்ணீரின் அருமையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து, பற்கள் கறைபட்டும் எலும்புகள் நலிந்தும் அவதியுற்றோர் இங்கே பலர். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-இல் அடிக்கல் நாட்டி 2013-இல் தொடங்கி வைத்தார்கள்.

அந்தக் கோடையில் பெரியவர் தம் வாசலில் ஒரு மண்பானை வைத்தார். நாள்தோறும் பானையைக் கழுவி, குழாயில் வரும் நல்ல தண்ணீரை நிரப்பி, தட்டால் மூடி, மேலே ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைப்பார். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வழிப்போக்கர்களும் குடித்துச் செல்வார்கள். "மத்தியானத்துக்குள்ள பானை காலியாயிடுது ஹஜ்ரத், திண்ணையில உக்கார நேரமே இல்ல" என்று அவர் கூறியபோது அவர் முகத்தில் சிரிப்பைக் கண்டோம்.

ஓர் எச்சரிக்கை

சில உள்ளங்களின் சுமை கூழுக்கும் குசலத்துக்கும் தீர்வதன்று. வாரக்கணக்கில் உறக்கமில்லை, உணவில்லை, உயிரையே வெறுத்துப் பேசுகிறார் என்றால் அது மருத்துவம் தேவைப்படும் நோய். ஓதிப் பார்ப்பதோடு நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பதும் நபிமொழிதான். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மனஸ்' மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். மருத்துவமனைக்குத் துணையாகச் செல்வதும் அமல்தான்.

நாம் செய்யக் கூடியவை

1. வீட்டுக்குள் நுழையும்போது ஸலாம் கூறி, இருப்பவர்களின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசுங்கள்.

2. தனித்து வாழும் முதியவர் தெருவில் எவர் என்று பாருங்கள். குழம்பில் ஒரு கரண்டித் தண்ணீர் கூட்டினால் அவருக்கும் ஒரு கிண்ணம் ஆகும். அவர் எந்த மதத்தவராயினும் அண்டை வீட்டார்தான்.

3. ஜமாஅத்துக்கு வராதவரைக் கண்டித்துப் பேசும் முன், சென்று நலம் விசாரியுங்கள். தொழுகைக்குப் போகையில் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

4. உங்கள் உள்ளமே சோர்ந்திருந்தால் ஒளுச் செய்து இரண்டு ரக்அத் தொழுங்கள். பிறகு வேறொருவருக்குப் பயன்படும் சிறு வேலை ஒன்றைக் கையில் எடுங்கள்.

இப்போதெல்லாம் துக்க வீட்டுக்குச் சென்றால் நாம் முதலில் கேட்பது, "சாப்பிட்டீர்களா?" என்பதுதான். ஹதீஸைப் பிறகு கூறுகிறோம். உண்மையில், அந்தக் கேள்வியும் ஸுன்னத்தைச் சேர்ந்ததே என்பதை அறியத்தான் நமக்கு இத்தனை காலம் ஆயிற்று.

வல்ல அல்லாஹ் வாடிய உள்ளங்களுக்கு ஆறுதலை அருள்வானாக! அந்த ஆறுதல் நம் கைகளின் வழியாகப் பிறரைச் சென்றடைய நமக்குத் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.