குதிரைமுக மலை

கருநாடக மாநிலத்துச் சிக்கமகளூரு மாவட்டத்தில், ஏறத்தாழ 1,890 மீட்டர் உயரத்திற்கு ஓங்கி நிற்கும் மலைமுடி ஒன்று உண்டு. ஒரு புறத்தினின்று நோக்குவார்க்கு அது குதிரையின் முகம்போலத் தோன்றும். ஆதலின் அந்நாட்டு மக்கள் அதனைக் 'குதுரேமுக' என வழங்குவர். நமக்குக் குதிரை; அவர்க்குக் குதுரே. சொல்லின் உறவு எளிதில் விளங்கும்.

அம்மலையின் உயர்ந்த சரிவுகளில் புல்வெளி பரந்துள்ளது. மடிப்புகளில் சோலைக்காடு செறிந்துள்ளது. தென்மேற்குப் பருவக்காற்று பொழியும் பெருமழையைப் புல்வேரும் மட்கிய இலையும் உள்வாங்கி, மழை ஓய்ந்த பின்னரும் சிறுகச் சிறுகக் கசியவிடும். துங்கை, பத்திரை, நேத்திராவதி என்னும் மூன்று ஆறுகளும் இம்மலைத்தொடரிலேயே பிறக்கின்றன. சோலைமந்தி எனப்படும் சிங்கவால் குரங்கிற்கும் இதுவே உறைவிடம்.

அப்புல்லின் அடியில் இரும்புத்தாதும் இருந்தது. அதனை எடுத்தற்பொருட்டு 1976-இல் அரசு நிறுவனம் ஒன்று தோன்றிற்று. தாதினை வாங்குவதாக ஈரான் நாடு உடன்பட்டிருந்தது. 1979-இல் அங்கு நிகழ்ந்த புரட்சிக்குப்பின் அவ்வேற்பாடு குலைந்தது. எனினும் பணி நிற்கவில்லை. வேறு நாடுகள் வாங்கின.

சுரங்கம் என்றவுடன் நிலத்தின்கீழ்க் குடைந்த இருள்வழியை மாணவர் பலர் எண்ணுவர். இஃது அத்தகையதன்று. மேல்மண்ணை முற்றும் அகற்றி, வெடிவைத்து, மலையைப் படிப்படியாக வெட்டி எடுக்கும் திறந்தவெளிச் சுரங்கம் இது. வெட்டிய பாறையைப் பொடியாக்கி, காந்தத்தால் இரும்பைப் பிரித்து, நீரிற் கலந்த குழம்பாக 67 கிலோமீட்டர் நீளமுள்ள குழாய்வழியே மங்களூருக்கு அனுப்பினர். மலைமேல் தொழிலாளர்க்கென ஓர் ஊரே எழுந்தது. பள்ளியும் மருத்துவமனையும் அமைந்தன.

நிறுவனத்தார் மலையைப்பற்றிக் கவலை கொள்ளவில்லை எனல் முறையன்று. கழிவுச்சேறு ஆற்றில் கலவாதிருக்க, இலக்கியா என்னுமிடத்தில் 100 மீட்டர் உயர அணை கட்டினர். மரங்களும் மிகுதியாக நட்டனர். ஆயினும் புல் வளர்ந்த இடத்தில் மரத்தை நடுவது, இழந்ததை மீட்பது ஆகுமோ? புல்வெளி செய்த வேலையைப் புல்வெளியே செய்யவல்லது. வெட்டுண்ட சரிவுகளில் ஆண்டுதோறும் பெருமழை மோதிற்று. செம்மண் கரைந்து பத்திரையாற்றில் இறங்கிற்று. ஆற்றையும் வயலையும் நம்பி வாழ்ந்தோர் முறையிட்டனர்.

1987-இல் அரசு ஏறத்தாழ 600 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தேசியப் பூங்காவாக்க முற்பட்டபொழுது, சுரங்கம் அதன் நடுவே இருந்தது. காப்பதும் வெட்டுவதும் ஒரே மலையில் நிகழ்ந்தன. 1999-இல் குத்தகைக் காலம் முடிந்தது. தாது இன்னும் எஞ்சியுள்ளது என்றும், தொழிலாளர் பிழைப்புக் கெடும் என்றும் ஒருசாரார் வாதித்தனர். ஆறு கெட்டால் கீழ்நாட்டார் பிழைப்புக் கெடும் என்றனர் மறுசாரார். இரண்டும் பொய்யல்ல, அதனாலேயே வழக்கு அரிதாயிற்று.

2002 அக்டோபர் 30-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு அளித்தது. சுரங்கத்தை அன்றே மூடுமாறு கூறாமல், 2005-ஆம் ஆண்டின் இறுதிவரை தவணை தந்தது. அத்தவணை முடிந்ததும் வெட்டும் வேலை நின்றது.

தொழிலாளர் பிற இடங்களுக்குப் பெயர்ந்தனர். மலைமேல் இருந்த ஊர் வெறிச்சோடிற்று. மங்களூர் ஆலையோ, சத்தீசுகர் மாநிலத்துப் பைலாடிலா மலையின் தாதினை வரவழைத்துப் பின்னரும் இயங்கிற்று. அந்த மலையின் கதை தனிக்கதை. இலக்கியா அணைக்குப் பின்னே, கால் நூற்றாண்டு காலம் சேர்ந்த சேறு அவ்வாறே கிடக்கின்றது. சுரங்கம் மூடிய பின்னரும் ஒவ்வொரு மழைக்காலத்தும் அவ்வணையைக் கண்காணித்தல் வேண்டும்.