எவ்வுலகிற்கும் ஒரே விதிநூல்

மேசையொன்றைச் சூழ்ந்து நால்வரோ ஐவரோ அமர்கின்றனர். அவருள் ஒருவர் நடுவராய் நின்று, மலைக்குகை ஒன்றையோ விண்கலம் ஒன்றையோ சொல்லாற் படைத்துக் காட்டுகின்றார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை மேற்கொண்டு, 'யான் இக்கதவை உடைப்பேன்' எனவும், 'யான் அக்காவலனைப் பேசி இணக்குவேன்' எனவும் கூறுகின்றனர். அம்முயற்சி கைகூடுமோ கூடாதோ என்பதை எழுதிவைத்த விதிகளும் உருட்டிய கவறுகளும் தீர்க்கின்றன. மேசைமேற் பாத்திரமேற்று ஆடும் ஆட்டம் எனப்படுவது இதுவே. கவறு என்ற அளவிலே சூதென்று நம் நண்பர் வெருவுதல் வேண்டா. ஈண்டுப் பணயமும் இல்லை, பொருளிழப்பாரும் இல்லை. இவ்வாட்டத்தின் வரலாற்றில், எவ்வகைக் கதைக்கும் பொருந்துவதாகிய ஒரே விதிநூலைச் செய்ய முயன்றோர் சிலர் உளர். அவர் முயற்சி எத்துணை நிறைவேறிற்று என்பதையே யாம் ஆராயப் புகுந்தோம்.

அமெரிக்க நாட்டிலே கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவர் இயற்றி 1974ஆம் ஆண்டில் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்பதே இவ்வகையில் அச்சேறி விற்பனைக்கு வந்த முதல் ஆட்டம். அது வாளும் மந்திரமும் பூதமும் நிறைந்த உலகம். அதனைச் சுவைத்தோர் பிற உலகங்களையும் நாடினர். 1975இல் மேற்கு அமெரிக்கத் துப்பாக்கி வீரரைப் பற்றிய 'பூட் ஹில்' தோன்றிற்று. 1977இல் விண்வெளிப் பயணம் பற்றிய 'டிராவலர்' தோன்றிற்று. ஆயின் ஒவ்வொன்றுக்கும் விதி வேறு, கவறு உருட்டும் முறையும் வேறு. ஓருலகை விட்டு மற்றோர் உலகிற் புக விரும்பினோர் மீட்டும் அரிச்சுவடியிலிருந்தே தொடங்கவேண்டியவராயினர். பொதுவிதி வேண்டும் என்னும் வேட்கை இத்தொல்லையினின்றே பிறந்தது.

இலக்கியம் முன்னது, இலக்கணம் பின்னது என்பது தமிழ் பயில்வார் யாவரும் அறிந்தது. இவ்வரலாற்றிலும் அம்முறையே காணப்படுதல் எமக்கு வியப்பளித்தது. 1978ஆம் ஆண்டில் கேயாசியம் என்னும் நிறுவனம் 'ரூன்குவெஸ்ட்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. கிரெக் ஸ்டாஃபர்டு கற்பித்த குளோராந்தா என்னும் தனியுலகத்துக்கென்றே அஃது எழுந்தது. ஒருவனது திறன் ஒவ்வொன்றும் நூற்றுக்கு இத்துணை என்று குறிக்கப்படும். பத்து முகக் கவறு இரண்டால் பெற்ற எண் அதனிற் குறைந்தோ ஒத்தோ வரின் செயல் முற்றும். முதன்முறை காண்பானும் ஒரு நொடியில் அறியத்தக்க எளிமை இது. 1980இல் ஸ்டாஃபர்டும் லின் வில்லிஸும் அவ்வாட்டத்தினின்று உலகத்தை நீக்கி, விதியை மட்டும் பிரித்தெடுத்து, 'பேசிக் ரோல்பிளேயிங்' என 16 பக்கச் சிறு நூலாக்கினர்.

மறு ஆண்டே அந்நூல் தன் குறையையும் வெளிப்படுத்திற்று. சாண்டி பீட்டர்சன் அவ்விதிகளைக் கொண்டு 1981இல் 'கால் ஆஃப் கதுல்ஹு' என்னும் அச்சுவை ஆட்டத்தைச் செய்தார். அச்சத்துக்குப் பொதுவிதியில் இடமில்லை. அஞ்சுவதற்கு உரியவன் மனிதன், அவன் அச்சமோ எங்கும் எண்ணாற் குறிக்கப்படவில்லை. ஆகவே அவர் மனத்தெளிவு என்னும் புதிய அளவையைச் சேர்த்தார். கொடுங்காட்சி காணுந்தோறும் அது குறையும். முற்றுங் குறையின் பாத்திரம் பித்துறும். அவ்வாட்டத்தின் உயிர் அவ்வொரு விதியிலேயே உளது என்பது எம் கருத்து.

அதே 1981இல் ஜார்ஜ் மெக்டொனால்டும் ஸ்டீவ் பீட்டர்சனும் இயற்றிய 'சாம்பியன்ஸ்' வேறு வழியிற் பொதுமையை அடைந்தது. அதிற் பாத்திரங்கள் வியத்தகு ஆற்றலுடைய வீரர். அவ்வாற்றல்களைத் தனித்தனியே வருணிக்கப் புகின் முடிவுண்டோ? நூலாசிரியர், பயனை ஒருபுறமும் தோற்றத்தை மறுபுறமும் வைத்துப் பிரித்தனர். தொலைவிலுள்ளானைத் தாக்கும் ஆற்றலுக்கு விதி ஒன்றே. அது தீயோ, மின்னலோ, பனியோ என்பது ஆடுவான் விருப்பம். இங்ஙனம் பிரித்தபின் அத்தீயை மந்திரவாதியின் தீயாகவும், படைக்கலத்தின் தீயாகவும் கொள்ளத் தடையில்லை. அவ்விதிகளே ஒற்றர் கதை, தொன்மாயக் கதை முதலியவற்றுக்கும் சிற்சில மாற்றங்களோடு பயன்பட்டு, 1990இல் 'ஹீரோ சிஸ்டம்' என ஒரே நூலாயின.

இவற்றுக்கு மாறாக, தொடக்கத்திலேயே எல்லாவுலகிற்கும் என்று அறைகூவி வந்தது ஸ்டீவ் ஜாக்சன் 1986இல் வெளியிட்ட 'கர்ப்ஸ்'. அறுமுகக் கவறு மூன்றை ஒருங்கே உருட்டி, அவற்றின் கூட்டுத்தொகை தன் திறனெண்ணை மிஞ்சாதிருப்பின் வெற்றி என்பது அதன் அடிப்படை. மூன்று கவறும் விழத்தக்க வகை 216. அவற்றுள் 108 வகையிற் கூட்டுத்தொகை பத்தோ அதனிற் குறைந்தோ வரும். எனவே திறனெண் பத்துடைய இயல்பான மனிதனுக்கு வெற்றியும் தோல்வியும் சரிபாதி. உரோமப் பேரரசு முதலாக விண்வெளி ஈறாக எண்ணற்ற துணைநூல்கள் வெளிவந்தன. ஆடாதவரும் அவற்றை அறிவுநூலாகக் கருதி வாங்கிப் படித்தனர். 1990 மார்ச்சு 1ஆம் நாள் அமெரிக்க இரகசியக் காவற்படையினர் அந்நிறுவனத்திற் புகுந்து, அச்சேறவிருந்த 'கர்ப்ஸ் சைபர்பங்க்' கையெழுத்துப் படியையும் கணினிகளையும் பறிமுதல் செய்தனர். 1993இல் நீதிமன்றம் நிறுவனத்தார் பக்கமே தீர்ப்பளித்து, 50,000 டாலர் இழப்பீடும் வழங்கிற்று.

ஆயினும் மனிதன் அளவே அளவாக அமைந்த அவ்விதியில், மலையைப் பெயர்க்கும் வீரரைப் புகுத்தினால் எண்கள் திணறுகின்றன என்பது ஆடுவோர் பலரின் குறை. விதி எதுவாயினும் நல்ல நடுவர் இருந்தாற் போதும் என்பாரை மறுத்து, ஆட்டத்தின் சுவையை விதியே ஆக்குகின்றது என்று ரான் எட்வர்ட்ஸ் என்பார் வாதிட்டார். கதுல்ஹு ஆட்டத்தின் மனத்தெளிவு விதியை நோக்குவார்க்கு அக்கூற்று பொருந்துவதாகவே தோன்றும்.

கர்ப்ஸுக்குத் துணைநூல் எழுதிய ஸ்டெஃபன் ஓ'சல்லிவன் என்பவரே 1992இல் 'ஃபட்ஜ்' என்னும் முறையை வகுத்து எண்களைக் கைவிட்டார். தீயது முதல் தலைசிறந்தது ஈறாக ஏழு சொற்களே அதன் அளவுகோல். அதன் வழித்தோன்றலாகிய 'ஃபேட்' 2003இல் எழுந்தது. அதில் ஒருவனை வரையறுப்பன 'கொடுத்த வாக்கை மீறாதவன்' போன்ற சொற்றொடர்கள். அத்தொடர் ஒருகால் துணைசெய்யும், ஒருகால் அவனையே சிக்கலில் மாட்டும். தமிழ் பயிலும் எமக்கு இம்முறை உவப்பளித்ததில் வியப்பில்லை. உலகங்கள் அனைத்தையும் எண்ணால் அளக்க முயன்று அரிதென்று கண்டவிடத்து, சொல்லே அளவாகப் புகுந்தது.

2000ஆம் ஆண்டில் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' உரிமையாளர் தம் விதிகளைப் பிறரும் எடுத்தாள இசைவளித்தபோது, இருபது முகக் கவற்றைக் கொண்ட அம்முறை பல பதிப்பகங்களிற் பரவிற்று. அது தகுதியினும் புகழால் நேர்ந்த பொதுமை என்றே சொல்லலாம். 2023இல் அவ்விசைவை மாற்ற அவர் முற்பட, ஆடுவோர் பெரிதும் எதிர்த்தமையால் அம்முயற்சி கைவிடப்பட்டது. அவ்வாண்டிலேயே கேயாசியம் தன் பழைய 16 பக்க நூலின் வழிவந்த பெருநூலொன்றை, எவரும் எடுத்தாளத்தக்க உரிமத்தோடு வெளியிட்டது. நூற்றுக்கு இத்துணை என்னும் அந்தக் கணக்கு அதிலும் மாறவில்லை.