ஜிம்மில் கால்விரல் விறைக்கிறதா? புதியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

இஷா தொழுதுவிட்டு எலிப்டிகலில் ஏறுகிறீர்கள். பத்தாவது நிமிடம் வியர்வை நன்றாக ஊற்றுகிறது. பன்னிரண்டாவது நிமிடம் சப்பாத்துக்குள் விரல்கள் இருக்கின்றனவா என்றே சந்தேகமாகிவிடுகிறது. பக்கத்து மெஷினில் நடக்கும் காக்காவிடம் சொன்னால், “அது ஒண்டுமில்ல தம்பி, பழகிரும்” என்பார்.

அவர் சொல்வதில் முதல் பாதி பெரும்பாலும் சரி. இரண்டாம் பாதி பிழை. விறைப்புக்குப் பழகிக்கொள்ளக் கூடாது. சப்பாத்தையும் நிற்கும் விதத்தையும் திருத்தினால் அது போக வேண்டும். போகவில்லை என்றால் காரணம் மெஷினில் இல்லை, உடம்பில் இருக்கிறது. இரண்டையும் பிரித்தறியத்தான் இந்த ஏழு படிகள்.

ஏன் விறைக்கிறது?

ஜும்ஆ குத்பா முடியும் வரை ஒரே இருப்பில் இருந்துவிட்டு எழும்பும்போது கால் மரக்கட்டையாகிக் கிடக்கும். அமர்ந்த பாரம் நரம்பையும் அதற்கு இரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்களையும் நெரித்துவிடுவதால் வருவது அது. எழுந்து காலை உதறினால் ஊசி குத்துவதுபோல் குறுகுறுத்து, பிறகு உணர்வு திரும்பும்.

ஜிம்மிலும் நடப்பது இதுதான். கல்முனைக் கரையின் வெக்கையில், உடற்பயிற்சி செய்யச் செய்யப் பாதம் வீங்கும். சப்பாத்து வீங்காது. இடையில் மாட்டிக்கொள்வது விரல்களுக்கு நடுவே ஓடும் மெல்லிய நரம்புகள்.

படி 1: எந்த விரல் என்று பாருங்கள்

அடுத்த முறை விறைக்கும்போது மூன்று விடயங்களைக் கைப்பேசியில் குறித்துவையுங்கள்: எந்த விரல், எத்தனையாவது நிமிடம், இறங்கிய பின் எவ்வளவு நேரத்தில் போனது.

- பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் மட்டும் என்றால், பாதத்தின் மேற்புறம் லேஸ் இறுகியிருக்கலாம்.
- மூன்றாம், நான்காம் விரல்களுக்கு இடையில் எரிவும், சப்பாத்துக்குள் சிறு கல் கிடப்பதுபோன்ற உணர்வும் இருந்தால், அங்கே நரம்பு தடித்திருக்கலாம். இதை 1876 இல் விவரித்த அமெரிக்க வைத்தியரின் பெயரால் மோர்ட்டன் நியூரோமா என்கிறார்கள்.
- முதுகிலிருந்தோ பிட்டத்திலிருந்தோ வலி இழுத்துக்கொண்டு ஒரு காலுக்கு இறங்கினால், முள்ளந்தண்டில் நரம்பு அழுத்தப்படுகிறதா என்று பார்க்க வேண்டும்.
- இரண்டு காலிலும் எல்லா விரல்களும் என்றால், முதலில் சப்பாத்தைச் சந்தேகியுங்கள். வீட்டிலும் அப்படியே இருந்தால் நேராகப் படி 6க்குப் போங்கள்.

படி 2: சப்பாத்தை அளந்து பாருங்கள்

ஒரு கடதாசியில் ஏறி நின்று பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுங்கள். சப்பாத்தின் உள்ளட்டையைக் கழற்றி அந்தக் கோட்டின் மேல் வையுங்கள். கோடு அட்டைக்கு வெளியே பிதுங்கினால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான்.

நீண்ட விரலுக்கும் சப்பாத்தின் நுனிக்கும் இடையில் ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் இடம் வேண்டும். நீண்ட விரல் எல்லோருக்கும் பெருவிரல்தான் என்றில்லை. சிலருக்கு இரண்டாவது விரல் நீண்டிருக்கும். சப்பாத்து வாங்க அஸருக்குப் பிறகு போங்கள். காலையில் அளவாக இருப்பது, பாதம் வீங்கிய அந்திப் பொழுதில் இறுக்கும். ஜிம்முக்குப் போடும் காலுறையையும் கொண்டுபோங்கள். இறுகிய சப்பாத்துக்குள் தடித்த காலுறை போட்டால் நெரிப்புத்தான் கூடும்.

படி 3: லேஸைத் தளர்த்துங்கள்

புதியவர்கள் பலர் சப்பாத்து கழன்றுவிடும் என்ற பயத்தில் அடியிலிருந்து நுனி வரை இறுக்கிக் கட்டுகிறார்கள். குதியைப் பின்னுக்குத் தட்டி உட்காரவைத்து, கணுக்காலுக்கு அருகில் உள்ள துளைகளில் மட்டும் பிடிமானமாகக் கட்டுங்கள். விரல் பக்கம் தளர்வாக இருக்கட்டும். மேற்புறத்தில் ஓரிடம் அழுத்தினால் அந்த இடத்தில் லேஸைக் குறுக்கே விடாமல், இரு பக்கமும் நேராக மேலே ஏற்றி அடுத்த துளையிலிருந்து குறுக்கே விடுங்கள்.

படி 4: மெஷினுக்கு ஏற்ப நில்லுங்கள்

*எலிப்டிகல்:* விறைப்பு அதிகம் வருவது இதில்தான். நடக்கும்போது ஒவ்வோர் எட்டுக்கும் பாதம் நிலத்தை விட்டு எழும்பும், நரம்புக்கு ஒரு நொடி ஓய்வு கிடைக்கும். எலிப்டிகலில் பாதம் தட்டை விட்டு எழும்புவதே இல்லை. குதி தட்டில் படும்படி நில்லுங்கள். விரல்களால் தட்டைப் பற்றிப் பிடிக்காதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சப்பாத்துக்குள் விரல்களை மடக்கி விரியுங்கள். ஒரு நிமிடம் பின்பக்கமாக மிதித்தால் பாரம் விழும் இடம் மாறும்.

*சைக்கிள்:* பெடலின் நடு அச்சு பாதத்தின் அகன்ற பகுதிக்குக் கீழே வர வேண்டும், விரல்களுக்குக் கீழே அல்ல. பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் சற்று மடங்கியிருக்கும்படி இருக்கையை உயர்த்துங்கள். பெடல் பட்டிக்குள் ஒரு விரல் நுழைய வேண்டும்.

*ட்ரெட்மில்:* கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாயாதீர்கள். சரிவைக் குறைத்துத் தொடங்குங்கள்.

*ஸ்டெப்பர்:* படியின் விளிம்பில் விரல் ஊன்றி ஏறாமல் முழுப் பாதத்தையும் வையுங்கள்.

படி 5: மெதுவாகக் கூட்டுங்கள்

உலக சுகாதார அமைப்பு வளர்ந்தோருக்குச் சொல்லும் குறைந்த அளவு, வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சி. அதை முதல் வாரமே முடிக்க வேண்டும் என்றில்லை. ஒரே மெஷினில் 30 நிமிடம் நிற்பதை விட, மூன்றில் பத்துப் பத்து நிமிடமாகப் பிரியுங்கள்.

விறைத்தால் வேகத்தைக் குறைத்து மெஷினை நிறுத்தி இறங்குங்கள். உணர்வில்லாத காலோடு ஓடும் பட்டியில் நிற்பது விழுவதற்கு வழி. சப்பாத்தைக் கழற்றி விரல்களை ஆட்டுங்கள். நெரிப்பால் வந்தது என்றால் சில நிமிடத்தில் உணர்வு திரும்பும்.

படி 6: வீட்டில் ஆறு விரல் சோதனை

இங்கிலாந்தின் இப்ஸ்விச் ஆஸ்பத்திரியில் உருவான எளிய சோதனை இது. கருவி எதுவும் வேண்டாம். கண்ணை மூடிப் படுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் உங்கள் வலது பெருவிரல், வலது சின்னவிரல், இடது பெருவிரல், இடது சின்னவிரல், வலது நடுவிரல், இடது நடுவிரல் என்ற வரிசையில் நுனிகளைச் சுட்டுவிரலால் இலேசாகத் தொடட்டும். ஒரு நொடி, இரண்டு நொடி போதும். அழுத்தக் கூடாது, தடவக் கூடாது, ஒரு விரலை இரண்டாம் முறை தொடக் கூடாது. தொடும்போதெல்லாம் “வலது”, “இடது” என்று சொல்லுங்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் வைத்தியரைப் பார்க்க வேண்டும்.

காரணம் சீனி வருத்தமாக இருக்கலாம். இலங்கையில் 2005–2006 இல் நடந்த தேசிய ஆய்வில், 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.3 வீதமானோருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு அது இருப்பதே தெரியாது. யுத்த காலமாதலால் வடக்கும் கிழக்கும் அந்தக் கணக்கில் இல்லை. நீரிழிவு நரம்பைத் தொடும்போது பெரும்பாலும் இரண்டு கால் விரல்களிலும் தொடங்கி, காலுறை போட்டதுபோல் மெல்ல மேலே ஏறும். நீரிழிவு மருந்தான மெற்ஃபோர்மினை நெடுநாள் எடுப்பவர்களுக்கு பி12 விற்றமின் குறைந்தும் விறைக்கலாம். அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், கிளினிக்கில் கேளுங்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்பது வைத்தியர்களின் முதல் அறிவுரை. ஐந்து வேளை வுழூ செய்கிறவருக்கு அந்த வேலையில் பாதி ஏற்கெனவே முடிந்தது. விரலிடுக்கைக் கோதிக் கழுவும்போது கொப்புளம், வெடிப்பு, நிறமாற்றம் இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள், ஈரத்தைத் துடைத்துவிடுங்கள். விறைத்த காலைச் சுடுநீரில் வைக்காதீர்கள், மதிய வெயிலில் கடற்கரை மணலில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். சூடு தெரியாது, புண் மட்டும் மிஞ்சும்.

படி 7: எப்போது ஆஸ்பத்திரிக்கு?

*சில நாட்களுக்குள்:* ஓய்விலும் விறைப்பு நீடித்தால். நடக்கும்போது கெண்டைக்கால் வலித்து, நின்றதும் அந்த வலி போய்விட்டால் (குறிப்பாகப் புகைப்பவர்களுக்கு). பாதத்தில் புண் ஆறாவிட்டால். தோலில் உணர்வற்ற வெளிறிய திட்டு தெரிந்தால். கடைசியாகச் சொன்னது தொழுநோயாக இருக்கலாம். மட்டக்களப்பு மாந்தீவுத் தொழுநோய் ஆஸ்பத்திரியோடு முடிந்துபோன கதை என்று நினைக்காதீர்கள். இலங்கையில் இன்றும் ஆண்டுதோறும் புதிய நோயாளிகள் இனங்காணப்படுகிறார்கள். மருந்து இலவசம், முழுமையாகக் குணமாகும்.

*அந்த நிமிடமே:* திடீரென்று உடலின் ஒரு பக்கம் விறைத்து, வாய் கோணி, பேச்சுக் குளறினால்; தொடையிடுக்கு விறைத்து சிறுநீர் போக முடியாமலோ அடக்க முடியாமலோ போனால்; கால் திடீரெனக் குளிர்ந்து வெளிறி வலித்தால், 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

இன்றிரவு ஜிம்முக்குப் புறப்படும் முன் கடதாசியில் பாதத்தை வரைந்து பாருங்கள். 35 வயதைத் தாண்டியவர் என்றால் அருகிலுள்ள அரச ஆஸ்பத்திரியில் ஒருமுறை சீனி பார்த்துவிடுங்கள். அதற்குக் காசு கேட்க மாட்டார்கள்.