பத்து கிலோ வேண்டாம், அரை மணி போதும்!

பொங்கல் முடிந்த கையோடு நம்மில் எத்தனை பேர் சபதம் எடுக்கிறோம்! "இந்த வருஷம் பத்து கிலோ குறைச்சுக் காட்டறேன் பாரு" என்று வீட்டில் சவால் விடுகிறோம். மாசி மகம் வருவதற்குள் சபதம் பரணுக்குப் போய்விடுகிறது. 'எனக்கு மனஉறுதியே இல்லை' என்று நம்மை நாமே திட்டிக் கொள்கிறோம். ஆனால், கோளாறு பெரும்பாலும் உறுதியில் இல்லை. இலக்கை வைத்த விதத்தில்தான்.

விழுப்புரம் மாவட்டத்திலுள்ள பனமலைக்குப் போனவர்களுக்கு இது சட்டென்று புரியும். குன்றின் மேலே ராஜசிம்ம பல்லவன் 8-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய தாளகிரீஸ்வரர் கோயில். அதன் சுவரில் காலத்தால் அழிந்தது போக மிஞ்சியிருக்கும் அழகான அம்மன் ஓவியம். அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் 'அம்மாடி, அவ்வளவு உயரமா!' என்று மலைப்பாக இருக்கும். அடுத்த படியை மட்டும் பார்த்து ஏறுகிறவர் பேசிக்கொண்டே மேலே போய்விடுவார்.

பத்து கிலோ என்பது உச்சி. அரை மணி நடை என்பது படி. உச்சி உங்கள் கையில் இல்லை, படி இருக்கிறது.

சென்னையில் கிடைத்த பாடம்

இது வெறும் உபதேசம் இல்லை. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆய்வு ஒன்று 2006-ல் வெளியானது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். இன்னொரு குழுவில், உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்களைத் தினமும் அரை மணி வேகமாக நடக்கச் சொன்னார்கள். சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைக் குறைத்து, நார்ச்சத்துள்ள உணவைச் சேர்க்கச் சொன்னார்கள். (மற்ற இரு குழுக்களுக்கு மாத்திரையும் உண்டு.)

மூன்று வருடம் கழித்துப் பார்த்தால், முதல் குழுவில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்திருந்தது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் கடைப்பிடித்த குழுவில் 39 பேருக்குத்தான். இதில் ஒரு வியப்பு: அந்தக் குழுவினரின் சராசரி எடை பெரிதாகக் குறையவே இல்லை! தராசு முள்ளை மட்டுமே நம்பியிருந்தால், 'ஒரு பிரயோஜனமும் இல்லை' என்று பாதியிலேயே விட்டிருப்பார்கள். எடை குறைந்தால் நல்லதுதான். ஆனால் குறையாத நாட்களிலும் நடை தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது.

சரி, எப்படி ஆரம்பிப்பது?

1. செயலை எழுதுங்கள். 'உடம்பைக் குறைக்கணும்' என்று எழுதாதீர்கள். 'காலை காபி குடித்து டம்ளரைக் கழுவி வைத்ததும், ஏரிக்கரையில் நடப்பேன்' என்று எழுதுங்கள். எப்போது, எங்கே என்று முன்கூட்டியே தீர்மானித்தவர்கள் சொன்னதைச் செய்து முடிப்பது அதிகம் என்று ஜெர்மானிய உளவியல் அறிஞர் பீட்டர் கோல்விட்ஸரின் ஆய்வுகள் காட்டுகின்றன. 'மழை பெய்தால் தாழ்வாரத்திலேயே நடப்பேன்' என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

2. சின்னதாகத் தொடங்குங்கள். முதல் வாரம் 10 நிமிடம். வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டினால், ஐந்தாவது வாரம் அரை மணி வந்துவிடும்.

3. யாராவது கேட்கட்டும். நடந்த நாளில் தினசரி காலண்டர் தாளில் ஒரு குறி போடுங்கள். "இன்னிக்கு நடந்தீங்களா?" என்று கேட்கும் வேலையைப் பேத்தியிடம் கொடுங்கள். அதே டாக்டர் குழுவினர், விளிம்பு நிலையில் இருந்த 537 ஆண்களிடம் நடத்திய ஆய்வு 2013-ல் வெளியானது. இரண்டு வருடம் செல்போனில் அவ்வப்போது ஆலோசனைக் குறுஞ்செய்தி பெற்றவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கும், பெறாதவர்களில் 27 பேருக்கும் நோய் வந்தது. ஞாபகப்படுத்த ஆள் இருப்பது பெரிய பலம்!

4. ஒரு நாள் தவறினால் கதை முடிந்துவிடாது. லண்டனில் 2010-ல் வெளியான ஆய்வில், ஒரு பழக்கம் படிய சராசரியாக 66 நாட்கள் பிடித்தன. சிலருக்கு 18, சிலருக்கு 254. நடுவே ஒரு நாள் விட்டதால் பழக்கம் கெடவில்லை. கல்யாண வீட்டுக்குப் போன நாளில் விட்டுப்போச்சா? மறுநாள் தொடருங்கள்.

நாள் முழுக்க நாற்று நடுகிறவர், களை எடுக்கிறவர் தனியாக நடக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு இலக்கு தட்டில் இருக்கட்டும்: இரண்டாம் முறை சாதத்துக்குப் பதிலாக ஒரு கரண்டி கீரை.

கவனிக்க: இதய நோய் உள்ளவர்கள், சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நடக்கும்போது நெஞ்சு வலியோ, மயக்கமோ, மூச்சுத் திணறலோ வந்தால் உடனே நின்று உதவி கேளுங்கள். காலில் மரத்துப்போன உணர்வு இருந்தால் செருப்பில்லாமல் நடக்கவே வேண்டாம்.

அடுத்த பொங்கல் வரை காத்திருக்காதீர்கள். இன்று ராத்திரி படுப்பதற்கு முன் அந்த ஒரு வரியை எழுதி, காலண்டர் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். முதல் படி அதுதான்!