கண்டி இராச்சியமும் மாகாண எல்லைகளும் (1815 – 1889)

மாணவர்களே, 1833 இல் இலங்கை எத்தனை மாகாணங்களாகப் பிரிக்கப்பட்டது என்று கேட்டால் ஐந்து என உடனே எழுதிவிடுவீர்கள். "அவ்வாறு பிரிக்கப்பட்டமைக்கான காரணங்கள் யாவை?" என்று கேட்கும்போதுதான் புள்ளிகள் குறைகின்றன. எனவே காரணத்திலிருந்து தொடங்குவோம்.

1815 மார்ச் 2 இல் செய்யப்பட்ட கண்டி ஒப்பந்தத்தின் மூலம் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. மூன்று வருடங்கள் செல்லவில்லை; 1817 இல் ஊவா, வெல்லஸ்ஸப் பகுதிகளில் கிளர்ச்சி மூண்டது. அதனை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல திசாவையே கிளர்ச்சியாளருடன் சேர்ந்துகொண்டார். 1818 நவம்பரில் அவருக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. எனினும் கண்டிப் பிரதேசம் கரையோரத்திலிருந்து வேறாகவே நிருவகிக்கப்பட்டு வந்தது. பழைய எல்லை அப்படியே இருந்தால் கண்டியரின் ஒற்றுமை உணர்வும் அப்படியே இருக்கும் அல்லவா?

கோல்புறூக்கின் சிபாரிசின்படி 1833 இல் அந்த எல்லை உடைக்கப்பட்டது. நுவரகலாவிய வட மாகாணத்துடனும், தமன்கடுவ கிழக்கு மாகாணத்துடனும், ஏழு கோறளை மேல் மாகாணத்துடனும், சப்பிரகமுவ, வெல்லஸ்ஸ என்பன தென் மாகாணத்துடனும் இணைக்கப்பட்டன. எஞ்சிய நடுப்பகுதியே மத்திய மாகாணம். நிருவாகச் செலவைக் குறைத்தல், நாடு முழுவதற்கும் ஒரே நிருவாகம் என்பவற்றையும் காரணங்களாக எழுதுங்கள். ஆனால் கண்டியரின் ஒற்றுமையைக் குலைத்தல் என்பதை விட்டுவிட்டால் விடை நிறைவுபெறாது.

போரில் வென்றவர் எல்லை வரைவது ஐரோப்பாவிலும் நடந்ததே. முதலாம் உலகப் போரின் பின் ஒஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசு துண்டாடப்பட்டு செக்கோசிலோவாக்கியா போன்ற புதிய நாடுகள் தோன்றின. (இதற்கு வேர்சேல்ஸ் உடன்படிக்கையை எழுதாதீர்கள், அது ஜேர்மனியுடன் செய்யப்பட்டது. ஒஸ்திரியாவுக்கு 1919 சென். ஜேர்மேன், ஹங்கேரிக்கு 1920 திரியானன்.) இலங்கையில் தோன்றியவை நாடுகளல்ல, நிருவாகப் பிரிவுகளே. இவ்வேறுபாட்டைக் குறிப்பிடுங்கள்.

இனி நமது பக்கம். வவுனியா மாவட்டத்தின் தெற்கு எல்லையைத் தாண்டினால் இன்று அநுராதபுர மாவட்டம், அதாவது வேறு மாகாணம். ஆனால் 1833 முதல் 40 வருடங்கள் அநுராதபுரமும் நெடுங்கேணியும் ஒரே வட மாகாணத்திலேயே இருந்தன. அவ்வளவு பெரிய மாகாணத்தை யாழ்ப்பாணத்திலிருந்து நிருவகிப்பது இலகுவானதாக இருக்கவில்லை.

எல்லைகள் மீண்டும் மாறின. 1845 இல் வடமேல், 1873 இல் வடமத்தி, 1886 இல் ஊவா, 1889 இல் சப்பிரகமுவ மாகாணங்கள் உருவாகி மொத்தம் ஒன்பதாயின. வடமத்தி மாகாணம் தேசாதிபதி கிரெகரியின் காலத்திற்குரியது. நுவரகலாவிய வட மாகாணத்திலிருந்து பிரிந்தது அப்போதுதான். 1833 க்குரிய வரைபடத்தில் வடமத்தி மாகாணத்தைக் குறித்தால் புள்ளி இல்லை.