காற்றும் சர்க்கரையும்

பிளவக்கல் அணைப் பக்கம் வீடு என்றாலே, "உனக்கென்னப்பா, மலைக்காத்து!" என்பார்கள். வெளியே சரிதான். எங்கள் அடுப்படியில் காலையில் விறகுப் புகை, ராத்திரி வீடு முழுக்கக் கொசுவர்த்திச் சுருள்.

போன வருஷம் அம்மாவுக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை 114. "இன்னும் சுகர் இல்ல, வாசல்ல நிக்குது" என்றார் டாக்டர். 100 முதல் 125 வரை இருந்தால் அது சர்க்கரை நோய்க்கு முந்திய நிலையாம். வெளியூரில் இருக்கும் சித்தப்பா, "காத்துச் சுத்தமானா சுகரும் குறையுமாம், ஏர் ப்யூரிஃபையர் வாங்கி அனுப்புறேன்" என்றார். காற்றுக்கும் சர்க்கரைக்கும் என்னடா சம்பந்தம் என்று தேடிப் படித்தேன்.

சம்பந்தம் இருக்கிறது. 2.5 மைக்ரானுக்கும் குறைந்த தூசு நுரையீரலின் அடிவரை போய் அழற்சியை உண்டாக்குகிறது. அது ரத்தத்தில் பரவும்போது இன்சுலின் சுரந்தும் சரியாக வேலை செய்வதில்லை. பம்ப் ஓடுது, வால்வு திறக்கலை என்கிற கதைதான். சென்னையிலும் டெல்லியிலும் 2010 முதல் 2017 வரை 12,000 பேருக்கு மேல் தொடர்ந்து பரிசோதித்தார்கள். ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரித் தூசு 10 மைக்ரோகிராம் கூடுகிற இடத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 22 சதவீதம் கூடுதலாக இருந்தது.

சரி, மெஷின்? ஷாங்காயில் 55 கல்லூரி மாணவர்கள் தங்கிய அறைகளில் 9 நாள் அசல் மெஷின், இன்னொரு 9 நாள் ஃபில்டர் இல்லாத டம்மி வைத்துப் பார்த்தார்கள். 2017-ல் முடிவு வந்தது. அசல் ஓடிய நாட்களில் அவர்கள் சுவாசித்த தூசு 53-லிருந்து 24-ஆக இறங்கியது. இன்சுலின் எதிர்ப்பும் குறைந்தது. ஆனால் அவர்கள் ஆரோக்கியமான வாலிபர்கள். அதை வைத்து அம்மாவுக்கு நோய் வராது என்று சொல்லிவிட முடியாது.

நம் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். அறை 10×12 அடி, உயரம் 10 அடி. ஆக 1200 கன அடி. மணிக்கு 5 முறை சுத்தமாக நிமிடத்துக்கு 100 கன அடி காற்று வேண்டும். கதவு ஜன்னல் சாத்திய அறைக்குத்தான் இந்தக் கணக்கு. எங்களுடையது ஓட்டு வீடு, இடுக்கெல்லாம் காற்று. ஒரு பக்கம் அடுப்பு புகைய, மறுபக்கம் மெஷின் ஓடி என்ன புண்ணியம்? கார்பன் மோனாக்சைடை அந்தத் தூசு ஃபில்டர் பிடிக்கவும் பிடிக்காது.

ஆகவே முதலில் சுருளை நிறுத்திக் கொசுவலை கட்டினோம். ஒரு சுருள் 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு நுண்தூசு விடும் என்று 2003-லேயே கண்டிருக்கிறார்கள். (ஹாஸ்டலில் ரூமுக்கு ரெண்டு ஏத்துறோமே, யோசிங்கப்பா!) வெந்நீர் அடுப்பு கொல்லைக்குப் போனது. சமையலுக்கு கேஸ். இதில்தான் சண்டை: "சிலிண்டர் சீக்கிரம் தீந்துரும்டா!"

அடுத்து நடை. சென்னையில் இதே மாதிரி வாசலில் நின்ற 531 பேரை 3 ஆண்டு கவனித்த ஆய்வு 2006-ல் வெளியானது. சும்மா விட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. சாப்பாட்டைத் திருத்தி, நடக்கவும் வைத்தவர்களில் 39 பேருக்குத்தான். மெஷினுக்கு இப்படி ஒரு கணக்கு என் கண்ணில் படவில்லை.

அம்மா இப்போது சாயங்காலம் அணை ரோட்டில் நடக்கிறார். சித்தப்பாவிடம், "மெஷின் வேண்டாம், மாசம் ஒரு சிலிண்டருக்குக் காசு அனுப்புங்க" என்று சொல்லியிருக்கிறேன். சரி என்றிருக்கிறார்.